யூனியன்ல சேரமாட்டேன்னு கையெழுத்து கேட்டா
வேலைக்குச் சேரும்போதே யூனியன்ல சேரமாட்டேன்னு கையெழுத்து வாங்கிட்டாங்க, இப்ப சேர்ந்தது தெரிஞ்சதும் வேலைய விட்டு தூக்கப்போறோம்னு மிரட்டுறாங்க, நேரா ஐஎல்ஓவுக்கே (ஐ.நா.வோட சர்வதேச தொழிலாளர் அமைப்பு) எழுதலாமான்னு கேட்டிருக்கீங்க.

முதல்ல அந்த கையெழுத்த நினைச்சு பயப்படாதீங்க. 1949ல வந்த ஐஎல்ஓவோட 98வது உடன்படிக்கை முதல் பிரிவுலயே இது இருக்கு, யூனியன்ல சேரக்கூடாதுங்கிற நிபந்தனையோட வேலை குடுக்கிறது, சேர்ந்ததுக்காக வேலைய விட்டு தூக்குறது, ரெண்டுலேருந்தும் தொழிலாளிக்கு பாதுகாப்பு வேணும்னு. உங்க நாடு அந்த உடன்படிக்கைய முறைப்படி ஏத்துக்கலைன்னாலும், ஐஎல்ஓ உறுப்பு நாடா இருந்தாலே சங்க உரிமைய மதிக்கணும்னு ஐஎல்ஓவோட 1998 பிரகடனம் சொல்லுது. 1948 மனித உரிமைப் பிரகடனத்துல 23வது பிரிவும் யூனியன்ல சேர்ற உரிமை எல்லாருக்கும் உண்டுன்னு சொல்லுது.

ஆனா தனி ஆளா ஐஎல்ஓவுக்கு புகார் குடுக்க முடியாது. அங்க சங்க உரிமைக்குன்னே 1951லேருந்து ஒரு கமிட்டி இருக்கு, அதுக்கு யூனியன் பேர்லதான் போகணும், அதுவும் புகார் உங்க அரசாங்கத்து மேல, கம்பெனி மேல இல்ல. கடைசியில வர்றதும் அரசுக்கு பரிந்துரைதான், அதனால அத நம்பி உக்காந்துடாதீங்க (வருஷக்கணக்குலயும் இழுக்கும்).

உள்ளூர் தொழிலாளர் துறை, கோர்ட் இதுக்குத்தான் முதல்ல போகணும், கெடு தாண்டிட்டா கேஸ் நிக்காது. அந்த கையெழுத்து பேப்பரோட காப்பி, மிரட்டின மெசேஜ் எல்லாத்தையும் ஆபீஸ் மெயில்ல வைக்காம சொந்த போன்ல எடுத்து வைங்க. ராஜினாமா எழுதிக் குடுன்னு கேப்பாங்க, குடுத்துடாதீங்க.