சேர்க்கை அலுவலர் சங்கத்தின் கோரிக்கைகளை அரசிடம் கொண்டுபோவது எப்படி?

கேள்வி: மதுரை வட்டாரக் கல்லூரிகளில் மாணவர் சேர்க்கை வேலை பார்ப்பவர்களின் சங்கத்தில் கொள்கைப் பொறுப்பை என்னிடம் கொடுத்திருக்கிறார்கள். முதல் ஆண்டில் எங்கிருந்து தொடங்குவது?

மனு எழுதும் முன் ஒவ்வொரு கோரிக்கையும் எந்த மேசைக்கு உரியது என்று பிரியுங்கள். கூட்டத்தில் எழுந்த பத்துக் குறைகளையும் ஒரே தாளில் அடுக்கி, "மாண்புமிகு உயர்கல்வித் துறை அமைச்சர் அவர்களுக்கு" என்று அனுப்புவதுதான் சங்கங்களின் வழக்கம். அது தலைமைச் செயலகத்தில் நாலு பிரிவு சுற்றி, "உரிய நடவடிக்கைக்காக அனுப்பப்படுகிறது" என்ற ஒற்றை வரியோடு கல்லூரிக் கல்வியின் மதுரை மண்டல இணை இயக்குநர் அலுவலகத்துக்கே வந்து சேரும். அங்கே யாருக்கும் அதை முடிவு செய்யும் அதிகாரம் இருக்காது.

எது யார் கையில்? 69 சதவீத இடஒதுக்கீடு 1993ஆம் ஆண்டுச் சட்டம். அரசமைப்பின் ஒன்பதாம் அட்டவணையில் இருக்கிறது. அதை அரசாணையால் தொட முடியாது. ஆனால் நிரம்பாத இடத்தை எந்தச் சுற்றுக்குப் பிறகு, எந்த வரிசையில் மாற்றி நிரப்புவது என்பதில் தெளிவு கேட்கலாம். அது சேர்க்கை வழிகாட்டுதல் சார்ந்த விஷயம். விலகும் மாணவருக்குக் கட்டணம் திருப்பித் தருவது யுஜிசியின் (பல்கலைக்கழக மானியக் குழு) எல்லை. 2018 அறிவிக்கை, சேர்க்கையின் கடைசி நாளை வைத்து முழுத் தொகை, 90, 80, 50 சதவீதம் என்று படி வைத்தது. பிறகு சில ஆண்டுகளுக்குத் தனி உத்தரவுகளும் வந்தன. உங்கள் கல்வியாண்டுக்கு எது பொருந்தும் என்று முதலில் பாருங்கள். பிபிஏ, பிசிஏ படிப்புகள் 2024-25 முதல் ஏஐசிடிஇயின் (அகில இந்தியத் தொழில்நுட்பக் கல்விக் குழு) கீழ் வந்துவிட்டதால், அவற்றின் இட எண்ணிக்கையைப் பல்கலைக்கழகத்திடம் மட்டும் பேசிப் பயனில்லை. வேறு வாரியத்தில் படித்தவரின் தகுதிச் சான்று என்றால் காமராசர் பல்கலைக்கழகம். கலெக்டர் அலுவலகத்தின் திங்கட்கிழமை குறைதீர் நாளில் இவை எதையும் கொடுக்காதீர்கள். சாதிச் சான்றிதழ், வருமானச் சான்றிதழ் தாமதமாவதற்கு மட்டும் அது சரியான இடம்.

அடுத்து, உள்ளுக்குள் ஒத்துப்போவது. கஷ்டமே இதில்தான். நம் ஊரில் சேர்க்கை அலுவலர் என்ற தனிப் பதவி பெரும்பாலும் கிடையாது. ஒரு துணை முதல்வர், இரண்டு பேராசிரியர், ஒரு கண்காணிப்பாளர் சேர்ந்து பார்ப்பார்கள். உதவிபெறும் பிரிவும் சுயநிதிப் பிரிவும் ஒரே வளாகத்தில் இருந்தாலும் நலன் வேறு. சிறுபான்மை நிறுவனங்களுக்கு அரசமைப்பின் 30ஆம் பிரிவு தரும் நிர்வாக உரிமை உண்டு, ஆகவே "எல்லாக் கல்லூரிக்கும் ஒற்றைச் சாளரம்" என்று தீர்மானம் போட்டால் அடுத்த கூட்டத்துக்கு அவர்கள் வரமாட்டார்கள். அரசுக் கல்லூரி உறுப்பினரை 1973 தமிழ்நாடு அரசு ஊழியர் நடத்தை விதிகள் கட்டுப்படுத்தும். அவரைப் பத்திரிகையாளர் சந்திப்பில் உட்கார வைக்காதீர்கள். தரவும், மனு வாசகத்துக்கான யோசனையும் அவரிடம் வாங்கலாம். கடைசி நாளை நீட்டிக்கக் கேட்பதானால் மூட்டா போன்ற ஆசிரியர் சங்கங்களிடம் முன்பே பேசுங்கள். நீட்டிக்கிற ஒவ்வொரு வாரமும் அவர்களுடைய பாடவேளையில்தான் கழியும்.

ஆண்டுக்கு இரண்டு கோரிக்கை போதும். ஒன்று பணம் கேட்காததாக இருக்கட்டும். நிதித்துறை ஒப்புதல் வேண்டிய கோப்பு ஊர்கிற வேகம் வேறு.

தரவில் ஒரே வகைத் தவறு திரும்பத் திரும்ப நடக்கிறது. ஐந்து கல்லூரிகளின் விண்ணப்பங்களைக் கூட்டி "இத்தனை ஆயிரம் பேருக்கு இடமில்லை" என்று எழுதுவார்கள். ஒரே பிள்ளை ஐந்து இடத்திலும் விண்ணப்பித்திருக்கும். கல்லூரிக் கல்வி இயக்ககத்தில் உள்ளவர் இதை ஒரு நிமிடத்தில் பிடித்துவிடுவார்; அதோடு மனுவின் மற்ற எண்களும் செல்லாது. விண்ணப்பத்தை விடுங்கள். அனுமதிக்கப்பட்ட இடம், சேர்க்கை உத்தரவு பெற்றவர், கட்டணம் கட்டியவர், ஆகஸ்ட் 31 அன்று வருகைப் பதிவேட்டில் இருப்பவர், காலியிடம் என்ற ஐந்து கட்டங்களைப் பாடவாரியாகவும் இடஒதுக்கீட்டு இனவாரியாகவும் கேளுங்கள். "சேர்ந்தவர்" என்றால் கட்டணம் கட்டியவரா, வகுப்புக்கு வந்தவரா என்று படிவத்திலேயே எழுதிவிடுங்கள். இல்லையென்றால் கல்லூரிக்கு ஒரு கணக்கு வரும். பெயர், ஆதார் எண், எமிஸ் எண் (பள்ளி மாணவர் அடையாள எண்) எதுவும் வாங்க வேண்டாம். ஒரு கட்டத்தில் இரண்டு மூன்று பேர்தான் என்றால் ஆளை அடையாளம் கண்டுவிடலாம். அதை வெளியிடாமல் சேர்த்துக் காட்டுங்கள்.

மனு இரண்டு பக்கத்தைத் தாண்டக் கூடாது. பொருள், பார்வை (சுட்டும் ஆணைகள்) என்ற அலுவலக வடிவிலேயே எழுதுங்கள். பார்வையில் அரசாணை எண்ணும் நாளும் சரியாக இருக்க வேண்டும். முதல் பத்தியில் இப்போதுள்ள விதியை வார்த்தை மாறாமல் தாருங்கள், இரண்டாவதில் அதனால் நடப்பதை எண்களோடு. மூன்றாவதில்தான் உயிர் இருக்கிறது: அந்த விதிக்குப் பதிலாக எந்த வாக்கியம் வர வேண்டும் என்று நீங்களே எழுதிக் கொடுப்பது. "ஆவன செய்ய வேண்டுகிறோம்" என்று முடித்தால் பிரிவு அலுவலருக்குக் குறிப்பு எழுத ஒன்றும் இருக்காது. செலவு உண்டா இல்லையா என்று ஒரு வரி, பின்னிணைப்பாக அட்டவணை. துறையிடமிருந்து கருத்துரு (முறையான முன்மொழிவு) போனால்தான் செயலகத்தில் கோப்பு பிறக்கும். அமைச்சரைப் பார்த்து எடுத்த படம் கோப்பு ஆகாது. ஆகவே மூல மனு கல்லூரிக் கல்வித் துறைத் தலைமைக்கு, நகல் செயலாளருக்கு. தபால் பிரிவு முத்திரையும் ந.க. எண்ணும் (கோப்புப் பதிவு எண்) வாங்கிய பிறகே பத்திரிகைக்குச் செய்தி.

காலம் தப்பினால் எல்லாம் வீண். பிளஸ் டூ முடிவு மே மாதம் வரும்; அதற்குள் வழிகாட்டுதல் முடிவாகியிருக்கும். மே மாதம் கொடுக்கும் மனு அடுத்த ஆண்டுக்கான மனுதான். ஆகஸ்ட் இறுதியில் தரவு, செப்டம்பரில் தீர்மானம், அக்டோபர் நவம்பரில் மனு என்று வைத்துக்கொள்ளுங்கள். சட்டமன்றத்தில் துறையின் மானியக் கோரிக்கை (நிதி ஒதுக்கீடு) விவாதத்துக்கு முன் சட்டமன்ற உறுப்பினரிடம் ஒரு பக்கச் சுருக்கம் கொடுங்கள். ஒரு எச்சரிக்கை: அதே உறுப்பினர் அலுவலகத்திலிருந்து ஜூன் மாதம் சீட்டுக்குச் சிபாரிசு வரும். அவரைப் பார்க்கப் போகிறவர், தன் கல்லூரியில் இடம் ஒதுக்கும் பொறுப்பில் இல்லாதவராக இருக்க வேண்டும்.

பதில் வரவில்லையென்றால் தகவல் உரிமை மனு. அந்த உரிமை குடிமகனுக்குத்தான். சங்கத்தின் பெயரில் போட்டால் திருப்பிவிட வாய்ப்புண்டு, தனி நபர் பெயரில் 10 ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டிப் போடுங்கள். "ஏன் செய்யவில்லை" என்று கேட்டால் விளக்கம் தரத் தேவையில்லை என்று முடித்துவிடுவார்கள். இந்த ந.க. எண் கோப்பில் அலுவலர்கள் கருத்தெழுதிய குறிப்புப் பக்க நகல் வேண்டும் என்று கேளுங்கள். கெடு 30 நாள்.

உயர் நீதிமன்ற மதுரைக் கிளை 2004 முதல் பக்கத்திலேயே இருப்பதால் ரிட் போட ஆசை வரும். நீங்கள் துறைக்குக் கொடுத்த மனுவைப் பரிசீலிக்கச் சொல்லி அரசுக்குக் கெடு வைப்பதே பெரும்பாலும் கிடைக்கும் உத்தரவு. அரைகுறை மனுவோடு போனால், துறையினர் கெடுவுக்குள் காரணம் எழுதி நிராகரித்துவிடுவார்கள். அப்புறம் அந்தக் கதவைத் திறப்பது கடினம்.

அரசாணை வந்தாலும் வேலை பாக்கி இருக்கிறது. பல்கலைக்கழகச் சுற்றறிக்கை, இணைய விண்ணப்பப் பக்கம், கல்லூரிகளின் கையேடு மூன்றிலும் புதிய வாசகம் ஏறியிருக்கிறதா என்று ஏப்ரலிலேயே ஒப்பிட்டுப் பாருங்கள். கையேடு அச்சுக்குப் போன பிறகு பழைய விதியைத்தான் பெற்றோர் கொண்டுவந்து காட்டுவார்கள்.