டி.எஸ்.எச். கூடினால் தைரொயிட் கூடியதா?

கேள்வி: திருகோணமலை, உப்புவெளியில் இருக்கிறேன். வயது 38. ஒரே களைப்பு, மலச்சிக்கல், நிறையும் கூடிவிட்டது. பரிசோதனையில் டி.எஸ்.எச். 14 என்று வந்து, தைரொக்சின் குளிசை தந்தார்கள். கூடிக்கிடக்கும்போது ஓமோன் குளிசையும் எதற்கு என்று மச்சாள் கேட்டதால், பத்து நாளில் நிறுத்திவிட்டேன். பலனும் தெரியவில்லை. தினமும் கடல் மீன் சாப்பிடும் எங்களுக்கு இது எப்படி வந்தது?

பதில்: மச்சாள் கேட்டதில் நியாயம் இருப்பது போலத்தான் தெரியும். ஆனால் டி.எஸ்.எச். (தைரொயிட்டைத் தூண்டும் ஓமோன்) கழுத்திலுள்ள தைரொயிட் சுரப்பியில் சுரப்பதில்லை. மூளைக்கு அடியில், பட்டாணி அளவே உள்ள கபச்சுரப்பி அதைச் சுரக்கிறது. ‘போதவில்லை, இன்னும் சுர’ என்று இரத்தம் வழியாகக் கழுத்துக்கு வரும் உத்தரவு அது. தைரொயிட் சோர்ந்தால் உத்தரவு கூடும். தைரொயிட் சுரக்கும் ஓமோனான தைரொக்சின் போதியளவு வந்ததும் தானாகக் குறையும். ஏறத்தாழ 4க்குள் நிற்க வேண்டியது 14க்கு ஏறியிருக்கிறது. அப்படியென்றால் உங்கள் சுரப்பியால் ஈடுகொடுக்க முடியவில்லை. குளிசை அந்தக் குறையைத்தான் நிரப்புகிறது.

மீன் விஷயத்துக்கு வருகிறேன். தைரொக்சின் செய்ய அயடீன் வேண்டும். அது கடல் மீனிலும் அயடீன் சேர்த்த உப்பிலும் கிடைக்கிறது. அயடீனுக்குக் குறைவில்லாத இடங்களில் இந்த நோய்க்குப் பெரும்பாலும் காரணம், உடலின் எதிர்ப்புச் சக்தியே தைரொயிட்டைத் தாக்குவதுதான். அதை மீன் தடுக்காது. அயடீன் கூடினால் நல்லது என்று கடற்பாசி மாத்திரை ஏதும் வாங்கிப் போட்டுவிடாதீர்கள், சில வேளை நிலைமை இன்னும் மோசமாகும்.

பத்து நாளில் பலன் தெரியாததில் அதிசயமில்லை. தைரொக்சின் இரத்தத்தில் பாதியாகக் குறையவே ஒரு வாரம் அளவில் எடுக்கும். அதன் அளவு நிலைப்பட வாரக்கணக்காகும். அதனால்தான் ஆறு முதல் எட்டு வாரம் கழித்து மறுபரிசோதனை செய்கிறோம்.

சரி, இனி என்ன செய்வது? கிளினிக்குக்குப் போய், நிறுத்தியதை மறைக்காமல் சொல்லி, மறுபடி தொடங்குங்கள். விட்ட நாட்களுக்கும் சேர்த்துப் போட வேண்டாம். காலையில் வெறும் வயிற்றில் தண்ணீருடன் மட்டும் விழுங்குங்கள். எழும்பியதும் பால் தேத்தண்ணீர் குடிக்கும் பழக்கமிருந்தால் அதை அரை மணி முதல் ஒரு மணி நேரம் தள்ளிப்போடுங்கள். இரும்புச்சத்து, கல்சியம் குளிசைகளுக்கு நான்கு மணிநேர இடைவெளி வேண்டும். நெஞ்சு படபடப்பு வந்தாலோ, கர்ப்பம் தரித்தாலோ அடுத்த கிளினிக் நாள்வரை காத்திருக்காமல் மருத்துவரிடம் சொல்லுங்கள். குளிசையின் அளவை மாற்ற வேண்டியிருக்கும்.