சயின்ஸ் ஃபிக்‌ஷன் அம்மாவுக்குப் புரியாது என்று யார் சொன்னது?

கேள்வி: வாரக் கடைசியில் வீட்டில் எல்லோரும் சேர்ந்து படம் பார்க்க ஆசை. அப்பாவுக்குக் காமெடி, அம்மாவுக்குக் குடும்பப் படம், எனக்கு சயின்ஸ் ஃபிக்‌ஷன். அம்மாவுக்கு அது புரியவே புரியாது. எதைப் பார்ப்பது?

பதில்:

"புரியவே புரியாது" என்று எழுதியிருக்கிறீர்களே, அதைப் படித்ததும் மனசுக்குள் ஏதோ சுருக்கென்றது. அதனால்தான் எழுத உட்கார்ந்தேன்.

ரிமோட் பெரும்பாலும் உங்கள் கையில்தான் இருக்கும் என்று நினைக்கிறேன். எங்கள் வீட்டிலும் அப்படித்தான். என் அம்மாவுக்கு 64 வயது. அவருக்குப் பிடித்த படங்கள் இவைதான் என்று மனதுக்குள் நானே ஒரு பட்டியல் வைத்திருந்தேன். "உனக்கு என்னம்மா பிடிக்கும்?" என்று அவரிடம் ஒரு நாளும் கேட்டதில்லை.

ஒரு நாள் ராத்திரி எனக்காக இன்டர்ஸ்டெல்லார் (2014) போட்டேன். துவைத்த துணிகளை மடியில் போட்டுக்கொண்டு அம்மா பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். "நீ பாரு, இதை மடிச்சுட்டு நான் போயிடறேன்" என்றார். ஆங்கில சப்டைட்டிலை அவரால் வேகமாக வாசிக்க முடியாது. அதனால் கேட்ட இடத்தில் மட்டும் தமிழில் சொன்னேன்.

படம் பார்க்காதவர்களுக்காக: பூமியில் பயிர்கள் ஒவ்வொன்றாக அழிந்து வருகின்றன. மனிதர்கள் வாழ வேறு இடம் தேடி ஒரு அப்பா விண்வெளிக்குப் போகிறார். சின்ன மகள் கோபித்துக்கொண்டு நிற்கிறாள். ஈர்ப்பு மிகப் பலமாக இருக்கும் கருந்துளைக்குப் பக்கத்தில் உள்ள ஒரு கோளில் அவரும் உடன் போனவர்களும் இறங்குகிறார்கள். அங்கே ஒரு மணி நேரம் கழிந்தால் பூமியில் 7 வருடம் ஓடிவிடும். இது கதைக்காக அவிழ்த்துவிட்ட சரடு கிடையாது. ஈர்ப்பு பலமாக இருக்கும் இடத்தில் காலம் மெதுவாக நகரும் என்பது ஐன்ஸ்டைனின் பொதுச் சார்பியல். படத்துக்கு அறிவியல் ஆலோசகராக இருந்த கிப் தோர்ன், ஈர்ப்பு அலை ஆய்வுக்காக 2017-இல் நோபல் பரிசு வாங்கியவர். அம்மாவிடம் நான் இதையெல்லாம் சொல்லவில்லை. "அங்க ஒரு மணி நேரம் ஆனா இங்க ஏழு வருஷம் ஆயிடும்மா" என்றேன், அவ்வளவுதான்.

அவர்கள் விண்கப்பலுக்குத் திரும்பும்போது 23 வருடம் போயிருக்கிறது. பிள்ளைகள் அனுப்பிய வீடியோக்களை அப்பா ஒன்றன்பின் ஒன்றாகப் பார்க்கிறார். பள்ளிக்கூடத்துப் பையனாக விட்டுவந்த மகன் கண்ணெதிரே ஆளாகிறான், கல்யாணம் செய்கிறான், குழந்தையைக் காட்டுகிறான், பிறகு அந்தக் குழந்தையைப் புதைத்துவிட்டதாகச் சொல்கிறான். அவ்வளவு நாளும் பேசாமலே இருந்த மகள் கடைசியில் திரையில் வருகிறாள். நீ கிளம்பியபோது உனக்கு என்ன வயதோ, இன்றைக்கு எனக்கு அதே வயது என்கிறாள். அந்த வரியை மட்டும் அம்மாவிடம் தமிழில் சொன்னேன்.

சொல்லிவிட்டுத் திரும்பிப் பார்த்தால், அம்மா மடியில் ஒரு துண்டு பாதி மடித்தபடி கிடந்தது. கை அதன் மேலேயே இருந்தது. அந்தக் காட்சி முடியும்வரை அந்தக் கை அசையவில்லை.

பிறகு மெதுவாகச் சொன்னார்: "எங்கப்பா போனப்ப அவருக்கு முப்பத்தெட்டு. போட்டோல இன்னும் முப்பத்தெட்டுலயேதான் நிக்கிறாரு. நான் எப்பவோ அவரைத் தாண்டி வந்துட்டேன்."

தாத்தா இறந்தபோது அம்மாவுக்கு 11 வயது. அவரைப் பற்றி அம்மா என்னிடம் அதிகம் பேசியதே இல்லை. அன்றைக்குப் படத்தை நிறுத்திவிட்டு வெகுநேரம் பேசிக்கொண்டிருந்தோம். மீதியை மறுநாள் பார்த்தோம், அவர்தான் போடச் சொன்னார்.

"கடைசியில் புத்தக அலமாரிக்குப் பின்னால் நடப்பது உங்கள் அம்மாவுக்குப் புரிந்ததா?" என்று யாராவது கேட்பீர்கள். இல்லை. எனக்கும் முழுக்கப் புரியவில்லை. எல்லாம் புரிந்தால்தான் படம் பார்க்கலாம் என்று ஒரு சட்டம் போட்டால் நம்மில் பாதிப் பேர் எழுந்து போக வேண்டியதுதான். நான் விமர்சகர் இல்லை, கிடைத்ததை எல்லாம் பார்க்கிற சாதாரண ஆள். ஆனால் அன்றிலிருந்து ஒன்று கவனிக்கிறேன். இந்த வகைப் படத்தில் புரிந்துகொள்ள வேண்டிய அறிவியல் விதி ஒன்றே ஒன்றாக இருந்து, அந்த அறிவியல் விதி யாரோ ஒருவரின் வாழ்க்கையில் வந்து விழுந்தால் வீட்டில் எல்லோரும் பார்க்கிறார்கள். பேக் டு தி ஃப்யூச்சர் (1985) படத்தில் பையன் காலத்தில் பின்னோக்கி 1955-க்குப் போய் தன் அப்பா அம்மா சந்திப்பதைக் கெடுத்துவிடுகிறான். அவன் கையில் இருக்கும் புகைப்படத்தில் முதலில் அண்ணனின் தலை மறையத் தொடங்குகிறது. வசனமே வேண்டாம், ஒரு போட்டோ போதும். தமிழில் இன்று நேற்று நாளை (2015) படத்தில், கால இயந்திரம் கையில் கிடைத்ததும் நண்பர்கள் இருவர் முதலில் செய்வது, தொலைந்த பொருளைக் கண்டுபிடித்துத் தந்து ஜோசியத்தில் பேர் வாங்குவது. மனிதர்கள் அப்படித்தான் செய்வார்கள் என்று அம்மா உடனே ஒத்துக்கொண்டார்.

குடும்பப் படத்துக்கு வருகிறேன். திரையில் பெரிய குடும்பம் ஒன்று அழுதுகொண்டிருந்தால் அதைக் குடும்பப் படம் என்கிறோம். பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் நம் குடும்பமோ ஆளுக்கொரு போனைப் பார்த்துக்கொண்டிருக்கும். விசுவின் சம்சாரம் அது மின்சாரம் (1986) எனக்கு ஏன் பிடிக்கும் என்றால், வீட்டின் நடுவே கோடு போடுகிற அளவுக்குச் சண்டை போனபிறகு, எல்லோரும் கட்டிப்பிடித்துச் சேர்ந்துவிட்டார்கள் என்று அது முடியவில்லை. தனித்தனியாக இருந்து பாசத்தைக் காப்பாற்றிக்கொள்வோம் என்று மூத்த மருமகள் சொல்கிறாள். அதைச் சொல்ல அந்தக் காலத்தில் தைரியம் வேண்டும்.

காமெடியில் எனக்கு ஒரே வருத்தம், பின்னால் சிரிப்புச் சத்தம் ஒட்டுவது. 1950-களில் சார்லஸ் டக்ளஸ் என்ற அமெரிக்க ஒலிப் பொறியாளர் பதிவு செய்த சிரிப்புகளை ஒரு பெட்டியில் அடைத்து, விசையைத் தட்டினால் சிரிப்பு வரும்படி செய்தார். அன்று ஆரம்பித்தது. காதலிக்க நேரமில்லை (1964) படத்தில் நாகேஷ் பேய்க்கதை சொல்லச் சொல்லப் பாலையா முகம் போகிற போக்குக்கு யார் சிரிப்பை ஒட்ட வேண்டியிருந்தது?

கேள்விக்குச் சம்பந்தமில்லை என்றாலும் இதையும் சொல்லிவிடுகிறேன், பல நாள் கோபம். இப்போதெல்லாம் வசனம் கிசுகிசுவென்று கேட்கிறது என்று ஒலியைக் கூட்டினால், அடுத்த நொடி இசை வந்து காதைக் கிழிக்கிறது. இன்டர்ஸ்டெல்லாரிலேயே சில இடங்களில் வசனம் இசையில் மூழ்கிவிடும். அது வேண்டுமென்றே செய்தது என்று இயக்குநர் நோலன் சொன்னார். தியேட்டரில் சரி, வீட்டில்? தியேட்டருக்கான ஒலிக் கலவையில் வசனம் பெரும்பாலும் நடு ஸ்பீக்கருக்கு என்று தனியாக இருக்கும். நம் டிவியில் இருப்பதோ இரண்டு சின்ன ஸ்பீக்கர், அதுவும் பல டிவிகளில் கீழே பார்த்தபடி. எல்லாம் அதற்குள் திணிக்கப்படும்போது முதலில் அடிபடுவது பேச்சுதான். வயதானவர்கள் "எனக்குப் புரியல" என்று சொல்வதில் பாதி, "எனக்குக் கேட்கல" என்பதுதான். அதை நாம் அறிவுக் குறைவு என்று எழுதிவிடுகிறோம். எனக்கு இதுதான் தாங்கவில்லை. டிவி செட்டிங்கில் பேச்சைத் தெளிவாக்கும் வசதி இருக்கிறதா என்று ஒருமுறை தேடிப் பாருங்கள்.

உங்கள் வீட்டுக்கு முதல் படமாக நான் சொல்வது சாப்ளினின் மாடர்ன் டைம்ஸ் (1936). பழைய படம் என்று ஒதுக்காதீர்கள். தொழிலாளி சாப்பிடும் நேரத்தை மிச்சப்படுத்த ஒரு ஊட்டும் இயந்திரம் வருகிறது. சோளக்கதிர் வாயில் சுழல ஆரம்பித்து வேகம் ஏறும்போது உங்கள் அப்பா நிச்சயம் சிரிப்பார். கழிவறையில் இரண்டு நிமிடம் ஓய்வெடுக்கப் போனவனைச் சுவர் முழுக்க ஒரு திரையில் முதலாளி தோன்றி விரட்டுகிறாரே, 1936-இல் அதற்கு சயின்ஸ் ஃபிக்‌ஷன் என்றுதான் பேர், அது உங்களுக்கு. வீடில்லாத ஒரு பெண்ணும் அவனும் ஓட்டைக் குடிசையில் குடித்தனம் செய்து பார்ப்பது அம்மாவுக்கு. பேச்சு மிகக் குறைவு, மொழிபெயர்க்க வேண்டிய வேலை கிட்டத்தட்ட இல்லை.

அது ஓடினால் அடுத்த வாரம் இன்டர்ஸ்டெல்லார் போடுங்கள். 2 மணி 49 நிமிடம், இரண்டு நாளாகப் பிரித்துக்கொள்ளலாம். அந்த வீடியோ காட்சி வரும்போது மட்டும் எதையும் விளக்காதீர்கள். அம்மா ஏதாவது சொன்னால் படத்தை நிறுத்திவிட்டுக் கேளுங்கள்.