முதலில் காதைப் பாருங்கள்

கேள்வி: என் மகனுக்கு எட்டரை வயது; கடலூரில் ஓர் ஆங்கிலவழிப் பள்ளியில் மூன்றாம் வகுப்பு படிக்கிறான். ஆறரை வயதில், பள்ளி வரவழைத்த ஆலோசகர் ஒருவர் அரை மணி நேரம் ஆங்கிலத்தில் கேள்விகள் கேட்டுவிட்டு, டிஸ்லெக்சியா (வாசிப்பதிலும் எழுதுவதிலும் வரும் கற்றல் குறைபாடு) என்று எழுதிக் கொடுத்தார். இரண்டு ஆண்டுகளாகச் சிறப்பு வகுப்புக்குப் போயும் மாற்றமில்லை. ஆனால் வீட்டில் ஆயாவுக்குத் தினமும் தமிழ்ச் செய்தித்தாளைத் தடுமாறாமல் வாசித்துக் காட்டுகிறான். அறிக்கை தவறோ என்று கேட்டால், "உண்மையை ஏற்க மறுக்கிறீர்கள், வேறு பள்ளி பாருங்கள்" என்கிறார்கள். நான் என்ன செய்வது?
- ஒரு தாய், திருப்பாதிரிப்புலியூர்

பதில்: நீங்கள் இணைத்திருந்த டிக்டேஷன் நோட்டின் நகலைப் பலமுறை பார்த்தேன். ஆசிரியை 'கேட்ஸ்' என்று சொன்ன இடத்தில் 'கேட்' என்றும், 'த்ரீ' என்ற இடத்தில் 'ஃப்ரீ' என்றும், 'டெஸ்க்' என்ற இடத்தில் 'டெக்' என்றும் எழுதியிருக்கிறான். அதே சொற்களைக் கரும்பலகையைப் பார்த்து எழுதிய பக்கத்தில் ஒரு பிழைகூட இல்லை. ஆண்டு முழுவதும் சளி, வாயைத் திறந்தபடி தூக்கம், தொலைக்காட்சியின் சத்தத்தைக் கூட்டி வைக்கும் பழக்கம் என்று கடிதத்தின் ஓரத்தில் நீங்கள் குறித்திருப்பவற்றையும் சேர்த்துப் பார்க்கும்போது, எனக்கு முதலில் தோன்றுவது அவன் காதுதான். மூக்கின் பின்புறமுள்ள அடினாய்டு சதை வீங்கி நடுக்காதில் நீர் கோத்துக்கொண்டால், 'ஸ்', 'ஃப்' போன்ற மெல்லிய ஒலிகள் சரியாக விழாது. இந்தக் குறை ஒரு வாரம் கூடும், மறுவாரம் குறையும் என்பதால், "கவனமில்லாத பிள்ளை" என்ற பெயர் எளிதில் வந்துவிடுகிறது.

நேரில் பார்க்காமல் முடிவாக எதையும் சொல்ல இயலாது. தமிழை நன்றாக வாசிக்கிறான் என்பதை மட்டும் வைத்து டிஸ்லெக்சியா இல்லை என்றும் கூறிவிட முடியாது. தமிழில் எழுத்துக்கும் ஒலிக்கும் உள்ள உறவு ஆங்கிலத்தைவிட மிகவும் ஒழுங்கானது. அதனால் டிஸ்லெக்சியா உள்ள பிள்ளைகள் சிலர் தமிழைப் பிழையின்றி, ஆனால் மிக மெதுவாக வாசிப்பார்கள். உங்கள் மகன் இதுவரை பார்த்திராத ஒரு பத்தியைக் கொடுத்து, எழுத்துக் கூட்டுகிறானா, ஓட்டமாக வாசிக்கிறானா, வாசித்ததைத் தன் சொற்களில் சொல்கிறானா என்று கவனித்துக் குறித்து வையுங்கள். மருத்துவருக்கு அந்தக் குறிப்பு பெரிதும் உதவும்.

அந்த அறிக்கையை நீங்கள் சந்தேகிப்பது நியாயமே. மத்திய அரசின் 2018-ஆம் ஆண்டு நெறிமுறை, மூன்றாம் வகுப்பை அல்லது எட்டு வயதைத்தான் பள்ளிகளில் முதற்கட்டச் சோதனைக்குரிய காலமாகக் கொண்டது. ஆறரை வயதில், வீட்டில் பேசாத மொழியில், செவித்திறனும் பார்வையும் சோதிக்கப்படாமல், ஒரே அமர்வில் எழுதப்பட்ட முடிவை இறுதியானதாகக் கொள்ள முடியாது.

கடலூர் அரசு தலைமை மருத்துவமனையின் காது மூக்கு தொண்டைப் பிரிவுக்கு முதலில் அழைத்துச் செல்லுங்கள். செவித்திறனை அளக்கும் ஆடியோகிராம், நடுக்காதின் அழுத்தத்தை அளக்கும் டிம்பனோமெட்ரி இரண்டையும் கேளுங்கள், வலியே இராது. கண்ணையும் பார்த்துவிடுங்கள், தூரத்துப் பலகையைப் படித்துக் காட்டும் பிள்ளைக்குக் பக்கத்தில் உள்ளதைப் பார்ப்பதில் குறை இருக்கலாம். அதன்பின் புதுச்சேரி கோரிமேட்டில் உள்ள ஜிப்மர் மருத்துவமனையின் மனநலத் துறையை அணுகி, தமிழிலும் சோதிக்கும்படி கேளுங்கள். பழைய அறிக்கையை மறைக்க வேண்டாம். நோட்டுகளையும் எடுத்துச் செல்லுங்கள்.

பள்ளியிடம் வாதாடுவதைவிட, எந்தெந்தச் சோதனைகள் நடந்தன, மதிப்பெண் என்ன என்று எழுத்தில் கேட்டு நகல் வாங்குங்கள். முடிவு தெரியும்வரை அவனை முன்வரிசையில் அமர்த்தவும், டிக்டேஷனை அவன் முகத்தைப் பார்த்துச் சொல்லவும் வேண்டுங்கள். சிறப்பு வகுப்பை இப்போதே நிறுத்த வேண்டாம். ஒருவேளை டிஸ்லெக்சியா உறுதியானாலும், அதைக் காரணம் காட்டி அவனை வெளியே அனுப்ப முடியாது: 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் கற்றல் குறைபாட்டையும் தன் 21 வகைகளுள் ஒன்றாகச் சேர்த்திருக்கிறது, அங்கீகாரம் பெற்ற பள்ளி அத்தகைய பிள்ளைக்குப் பாகுபாடின்றி இடமளித்துக் கற்பிக்கக் கடமைப்பட்டது.

தன்னைப் பற்றிப் பெரியவர்கள் பேசுவதை அவன் இரண்டு ஆண்டுகளாகக் கேட்டுக்கொண்டிருக்கிறான். "உனக்குக் காது சரியாகக் கேட்கிறதா என்று பார்க்கப் போகிறோம்" என்று உள்ளதை உள்ளபடியே அவனிடம் சொல்லுங்கள். ஆயாவுக்கு வாசித்துக் காட்டும் அந்த நேரத்தை மட்டும் எந்தச் சோதனைக்கும் எடுத்துக்கொள்ளாதீர்கள். ஆடியோகிராம் தாள் கைக்கு வந்ததும் எனக்கு எழுதுங்கள்.