அண்ணா வகுப்புக்கா போனார்?

கேள்வி: எனக்கு வயது 26. கலியாண எழுத்து முடிந்துவிட்டது, கணவர் ஜேர்மனியில் இருக்கிறார். விசாவுக்கு ஜேர்மன் மொழியில் ஏ1 என்ற ஆரம்பநிலைச் சான்றிதழ் வேண்டும். பல மாதமாகப் போனில் ஒரு செயலியிலும் யூரியூப்பிலும் படிக்கிறேன், ஒரு நாளும் விட்டதில்லை. சொற்கள் நிறையத் தெரியும். ஆனால் மாதிரி வினாத்தாளில் ஒரு சின்னக் கடிதம் எழுதச் சொன்னால் இரண்டு வரிக்கு மேல் ஓடவில்லை. வகுப்பில் சேரட்டா என்று கேட்டால் அண்ணா சிரிக்கிறார். உப்புவெளியில் ஒரு கெஸ்ட் ஹவுசில் வேலை செய்தே அவர் ஜேர்மன் கதைக்கப் பழகிவிட்டார். கணவரோ, "இங்க வந்தா தானா வரும்" என்கிறார். வகுப்புக்குக் கட்டும் காசு வீணா?
– பெயர் வெளியிட விரும்பாத வாசகி, திருகோணமலை

பதில்: அன்புத் தங்கைக்கு,

வீணில்லை, சேருங்கள். காரணத்தை உங்களுக்குச் சொல்வதைவிட அண்ணாவுக்குச் சொல்வதுதான் முக்கியம் போலிருக்கிறது, அதனால் அவரிடமிருந்தே தொடங்குகிறேன்.

அவர் வகுப்புக்குப் போகவில்லைதான். ஆனால் பாடத்திட்டம் இல்லாமலா படித்தார்? ஏப்ரலில் இருந்து செப்டெம்பர் வரை சீசன். வருகிறவர்கள் எல்லாரும் ஒரே கேள்விகளைத்தான் கேட்பார்கள். அறை என்ன விலை, காலைச் சாப்பாடு எத்தனை மணிக்கு, புறாத்தீவுக்குப் படகு எங்கே பிடிக்கலாம். அதே வசனங்கள், ஒரு நாளில் பல தடவை, பல வருடமாக. ஒரு ஆசிரியர் இதைவிட நன்றாகத் திருப்பித் திருப்பிச் சொல்ல வைத்திருக்க முடியாது. அந்த ஒழுங்கை வேலை அவருக்குப் போட்டுக்கொடுத்தது. உங்களுக்கு அது கிடைக்கவில்லை. போன் இன்றைக்குப் பழங்களின் பெயரைக் காட்டும், நாளைக்கு நிறங்கள், யூரியூப்பில் நடுவில் யாரோ ஒருவர் இலக்கணம் சொல்லுவார். நாலு சொல்லைக் காட்டி ஒன்றைத் தொடச் சொன்னால் சரியாகத் தொட்டுவிடுவீர்கள். வெறும் தாளில் நீங்களாக ஒரு வசனம் எழுதுவது வேறு வேலை, அதை எந்த நாளும் செய்யாமலே மாதங்கள் போய்விட்டன.

பரீட்சையோ அதைத்தான் கேட்கிறது. ஜேர்மன் மொழி, பண்பாட்டு நிறுவனமான கோதே இன்ஸ்டிடியூட் நடத்தும் ஏ1 பரீட்சையில் கேட்டல், வாசித்தல், எழுதுதல் மூன்றும் சேர்த்து 65 நிமிடம், பிறகு பேச்சு 15 நிமிடம் அளவில். 100 புள்ளிக்கு 60 எடுத்தால் சித்தி. எழுத்தில் ஒரு படிவம் நிரப்ப வேண்டும், அப்புறம் கொடுத்த மூன்று விஷயத்துக்கும் பதில் வருகிற மாதிரி 30 சொல் அளவில் ஒரு சின்னக் கடிதம். உங்களுக்கு ஓடாமல் நின்றது இதுதானே.

அண்ணாவிடம் ஒன்று கேட்டுப் பாருங்கள். "நாளைக்கு நான் வரமாட்டேன்" என்பதை ஜேர்மனில் எப்படிச் சொல்லுவார்? "மோர்கன் இஷ் கொம்ம நிஷ்ட்" என்று சொன்னாலும் சொல்லுவார். நாளைக்கு, நான் என்று தமிழில் வருகிற வரிசையிலேயே தொடங்கினால் அப்படித்தான் வரும். ஜேர்மன் வசனத்தில் வினைச்சொல், இங்கே "கொம்ம", இரண்டாவது இடத்தில் நிற்க வேண்டும். "மோர்கன்" முன்னுக்கு வந்துவிட்டால் "நான்" பின்னுக்குப் போய், "மோர்கன் கொம்ம இஷ் நிஷ்ட்" என்று ஆகிவிடும். கெஸ்ட் ஹவுசில் இதை யாரும் திருத்தமாட்டார்கள். விஷயம் விளங்கினால் அவர்களுக்குப் போதும், விடுமுறைக்கு வந்தவர் இலக்கணம் சொல்லிக்கொடுத்து மினக்கெடுவாரா? ஆக, பிழை வருடக்கணக்காக அப்படியே ஊறிப்போகும். வகுப்பில் முதல் கிழமையே சிவப்புப் பேனை அந்த இடத்தில் விழும். காசு கட்டுவது முக்கியமாக இதற்குத்தான். பாடம் யூரியூப்பில் சும்மா கிடைக்கும், உங்கள் கொப்பியைத் திருத்த அங்கே ஆளில்லை.

அடுத்தது பாடங்களின் வரிசை. ஜேர்மனில் ஒவ்வொரு பெயர்ச்சொல்லுக்கும் முன்னால் டெர், டீ, டாஸ் என்று மூன்றில் ஒன்று நிற்கும். ஆண்பால் சொல் என்றால் அந்த டெர், நம்முடைய "ஐ" வருகிற இடத்தில் டென் ஆகும், "கு" வருகிற இடத்தில் டெம் ஆகும். வேற்றுமை உருபோடு பிறந்து வளர்ந்த நமக்கு இது பயப்படுகிற விஷயமே இல்லை. நாம் சொல்லின் பின்னால் ஒட்டுவதை அவர்கள் முன்னால் மாற்றுகிறார்கள், அவ்வளவுதான். ஆனால் ஒரு சொல் டெர்ரா, டீயா என்று தெரியாமல் வெறும் சொல்லாகப் பாடமாக்கி வைத்தவருக்கு இந்தக் கட்டத்தில் எல்லாம் குழம்பும். ஒழுங்கான வகுப்பில் முதல் நாளே சொல்லை டெர், டீயோடு சேர்த்துத்தான் எழுத விடுவார்கள். ஏன் என்று உங்களுக்கு இரண்டு மாதம் கழித்துத்தான் விளங்கும்.

மறதியையும் கணக்கில் எடுங்கள். எபிங்ஹவுஸ் என்ற ஜேர்மன்காரர் அர்த்தமில்லாத அசைகளைத் தானே பாடமாக்கி, எவ்வளவு வேகமாக மறக்கிறது என்று அளந்து 1885இல் வெளியிட்டார். முதல் நாளிலேயே பெரும்பகுதி போய்விடுகிறது. இடைவெளி விட்டுத் திரும்பப் படித்தால்தான் நிற்கிறது. வகுப்பு வேலையும் மாதச் சோதனையும் அந்த இடைவெளியை நமக்காகப் பார்த்துக்கொள்கின்றன. நாங்களாகப் படித்தால் பிடித்த பாடத்துக்குத்தான் திரும்பப் போவோம்.

உங்கள் கணவருக்கும் ஒரு வார்த்தை. அங்கே போனால் தானாக வரும் என்று ஜேர்மன் அரசாங்கமே நம்பவில்லை. புதிதாக வருகிறவர்களுக்கு அவர்கள் வைத்திருக்கும் ஒருங்கிணைப்பு வகுப்பு பொதுவாக 600 பாடவேளை மொழி, அதன் மேல் 100 பாடவேளை நாட்டு விஷயங்கள். போய் இறங்கினாலும் வகுப்புத்தான்! ஏ1க்கு 80 முதல் 200 பாடவேளை வரை தேவை என்கிறது கோதே இன்ஸ்டிடியூட், ஒன்று 45 நிமிடம். கிழமைக்குப் பத்து என்றால் ஐந்து மாதத்துக்குள் 200 வந்துவிடும். இலக்கணத்தைப் போனில் படிப்பிக்க வேண்டாம் என்று கணவரிடம் சொல்லுங்கள், சண்டைதான் வரும். தினமும் பத்து நிமிடம் ஜேர்மனில் மட்டும் கதைத்தால் போதும். பேச்சுப் பரீட்சையில் பெயரை எழுத்தெழுத்தாகச் சொல்லச் சொல்லுவார்கள், இலக்கங்களும் கேட்பார்கள். இருபத்தொன்றை அவர்கள் "ஒன்றும் இருபதும்" என்று சொல்லுவதால் போன் நம்பரில் எல்லாரும் தடுமாறுவார்கள். அதை அவரோடு பழகுங்கள்.

எந்த வகுப்பு என்றால், "ஒரு மாதத்தில் நிச்சயம் பாஸ்" என்று வினாத்தாள் பாடமாக்க வைக்கும் இடத்துக்குப் போகாதீர்கள். ஒரு நாள் சும்மா இருந்து பாருங்கள். ஆசிரியர் மட்டும் கதைத்துக்கொண்டிருந்தால் எழும்பி வந்துவிடலாம். ஊரில் நல்லது அமையாவிட்டால் நேரலையில் நடக்கும் இணைய வகுப்பும் சரிதான். அதுவரைக்கும் டொய்ச்ச வெல்லே என்ற ஜேர்மன் ஒலிபரப்பு நிறுவனத்தின் இலவச ஏ1 பாடத்தொடரை முதல் பாடத்திலிருந்து, தாண்டாமல், கொப்பியில் எழுதிப் படியுங்கள். எங்கே சேர்ந்தாலும் முழுக் காசையும் ஒரேயடியாகக் கட்ட வேண்டாம். முதல் மாதம் மட்டும் கட்டி, எழுதிக் கொடுத்தது திருத்தப்பட்டுத் திரும்பி வருகிறதா என்று பார்த்துவிட்டு மிச்சத்தைக் கட்டுங்கள்.