கோள்களின் தூரத்தை ஒளியாண்டில் ஏன் சொல்வதில்லை?

பெங்களூர் நேரு கோளரங்கத்துக்குப் போய்வந்த உங்கள் மகள், "நெப்டியூன் எத்தனை ஒளியாண்டு தூரம்?" என்று கேட்டதாக எழுதியிருக்கிறீர்கள். ஒளியாண்டு என்பது ஒளி ஓராண்டில் கடக்கும் தூரம். கணக்குப் போட்டால் 0.0005 ஒளியாண்டுகூட வராது. கிலோமீட்டரில் சொன்னாலோ 450 கோடி. இரண்டுமே மனசில் நிற்காத எண்கள்.

அதனால்தான் வானியல் அலகு. பூமிக்கும் சூரியனுக்கும் உள்ள சராசரி தூரம், சுமார் 15 கோடி கி.மீ., ஓர் அலகு. வியாழன் 5.2, நெப்டியூன் 30. சரி, பூமி ஜனவரியில் சூரியனை நெருங்குகிறது, ஜூலையில் விலகுகிறது, அப்போது அலகும் மாறுமா? மாறாது. 14,95,97,870.7 கி.மீ. என்று 2012-இல் பன்னாட்டு வானியல் ஒன்றியம் நிலையாக்கிவிட்டது.

விண்கலம் ஓட்டுகிறவர்களுக்கு இன்னோர் அளவு வேண்டும்: ஒளி நேரம், அதாவது அந்தத் தூரத்தைக் கடக்க ஒளிக்கு ஆகும் நேரம். ரேடியோ சிக்னலுக்கும் அதே வேகம்தான். எனக்குப் பிடித்ததும் இதுதான். 2014 செப்டம்பர் 24 காலை மங்கள்யான் செவ்வாயைச் சுற்றத் தொடங்கியபோது அது பூமியிலிருந்து சுமார் 22 கோடி கி.மீ. தள்ளி இருந்தது. நம்ம பீனியாவில் உள்ள இஸ்ரோ கட்டுப்பாட்டு மையத்துக்குச் சிக்னல் வந்துசேர 12 நிமிடத்துக்கு மேல் ஆனது. என்ஜின் எரிவதை இங்கிருந்து பார்த்துத் திருத்த வழியே இல்லை. கட்டளைகளை முன்கூட்டியே கலத்தில் ஏற்றிவைத்திருந்தார்கள். அந்த இடத்தில் '1.5 அலகு' என்பதைவிட '12 ஒளி நிமிடம்' என்பதுதான் வேலைக்கு ஆகும்.

ஒளியாண்டு நட்சத்திரங்களுக்கானது. ஓர் ஒளியாண்டு என்பது ஏறக்குறைய 63,000 வானியல் அலகு. சூரியனுக்கு மிக அருகிலுள்ள புராக்சிமா சென்டாரியே 4.2 ஒளியாண்டு தள்ளித்தான் இருக்கிறது.