சுழலும் பழைய விண்மீன் வட்டு

கேள்வி: லண்டன் ஜார்ஜ் பிலிப் நிறுவனம் வெளியிட்ட பழைய சுழல் விண்மீன் வரைபடங்களைச் சேகரிப்பாளர்கள் விரும்புவது ஏன்? அவை இன்றும் பயன்படுமா?

பதில்: வட்டைத் திருப்பித் தேதியை நேரத்தோடு பொருத்தினால், அவ்வேளையில் அடிவானத்துக்கு மேலுள்ள விண்மீன்கள் மட்டும் நீள்வட்டச் சாளரத்தில் தோன்றும், பற்சக்கரம் ஏதுமின்றி, இரண்டு அட்டைகளும் ஓர் அச்சாணியும் வானின் சுழற்சியைக் காட்டிவிடும் அந்த எளிமையே பெரும் கவர்ச்சி என்பேன். கைபட்டுத் தேயும் பொருளாதலால், அச்சாணி தளராமலும் விளிம்பிலுள்ள தேதிகள் அழியாமலும் கிடைப்பவை அரியவை. மதிப்பும் அவற்றுக்கே அதிகம். புவியச்சின் மெதுவான தள்ளாட்டத்தால் விண்மீன்களின் இடம் ஏறத்தாழ 72 ஆண்டுகளுக்கு ஒரு பாகையே விலகுவதால், நூறாண்டு கடந்த வட்டும் வெறுங்கண்ணால் வானம் பார்ப்பவருக்குத் தாராளமாகப் போதும். ஆயினும் லண்டனின் 51½ பாகை வட அட்சரேகைக்கென வரையப்பட்டதை நிலநடுக்கோட்டின் அருகே பயன்படுத்தினால், தென்வானின் பெரும்பகுதி அதில் அகப்படாது.